முயலை யார் பிடித்துக்கொள்வது?

கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் ஆட்கள் எதையாவது வெட்டிக் காட்ட வேண்டுமென்றால் பாதி நேரம் முயலைத்தான் வெட்டுவார்கள். 1994-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு சுடுமண் முயல் பொம்மையை ஸ்கேன் செய்து முப்பரிமாண வடிவமாக்கினார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்ததால் அது இந்தத் துறைக்கே பொதுச் சொத்தாகிவிட்டது. ஆய்வோடு வரும் வீடியோவில் அந்த மண் பொம்மை ஜெல்லியாக மாறித் தளதளத்துக்கொண்டிருக்கும். தட்டையான ஒரு கத்தி குறுக்கே போகும். முயல் இரண்டாகி, இரண்டு பாதியும் கீழே விழுந்து குலுங்கும். வெட்டின முகம் வழவழவென்று இருக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஆனால் கொஞ்ச காலமாக இந்த வீடியோ எதைப் பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்வி. அந்த முயலை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? அவ்வளவு மெத்தென்ற பொருள், கத்தி பட்டதும் ஒதுங்கவில்லை, அமுங்கவில்லை, கத்தியோடு சேர்ந்து இழுபடவில்லை. நின்ற இடத்தில் நின்று நல்ல பிள்ளையாக வெட்டுப்படுகிறது. கடையில் போய் அரைக்கிலோ கல்லீரல் வாங்கி, பிடிக்காமல் கத்தியை வைத்துப் பாருங்கள், கல்லீரல் பலகையை விட்டே நழுவும். மெத்துப் பொருளை வெட்டுவதில் கத்தியின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு, மிச்சத்தைச் செய்வது பிடித்திருக்கும் கை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. முப்பது வருஷத்துக்கு மேலாக எங்கள் துறை கத்தியையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

நான் வேலை செய்வது காட்பாடியில், ஒரு வீட்டு மாடியில் இயங்கும் சின்னக் குழுவில். அறுவைச் சிகிச்சை படிக்கும் மாணவர்கள் நிஜ உடம்பைத் தொடுமுன் திரையில் கீறிப் பழகுவதற்கான மென்பொருள் செய்கிறோம். கையில் ஒரு ஹாப்டிக் கருவி இருக்கும். பேனா பிடிக்கிற மாதிரி பிடித்து நகர்த்தினால் திரையில் ஸ்கால்பெல், அதாவது அறுவைக் கத்தி, நகரும், தோல் எதிர்ப்பது விரலில் தெரியும். பெரிய கம்பெனிகள் செய்வதைச் சின்ன பட்ஜெட்டில் செய்யப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்முகி செய்கிற தொல்லை

வெட்டு ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியாட்கள் கேட்பார்கள். வீடியோ கேமில் பழத்தைச் சீவுகிறார்களே என்பார்கள். அங்கே பழம் கெட்டியான ஓடு. ஒரு தளத்தால் இரண்டாக்கி மூடி போட்டால் வேலை முடிந்தது. நெளிகிற பொருள் வேறு கதை. அதன் உள்ளே முழுக்க நான்முகிகள். நாலு முனை, ஆறு விளிம்பு, நாலு முகம் கொண்ட குட்டிக் குட்டித் துண்டுகளாகப் பொருளை அடைத்துவிடுகிறோம். ஒவ்வொரு துண்டும் தன் பழைய வடிவத்தை ஞாபகம் வைத்திருக்கும். யாராவது இழுத்தால் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். எல்லாத் துண்டுகளின் இழுபறியையும் ஒரே பெரிய அணியாக (மேட்ரிக்ஸ்) எழுதித் தீர்த்தால் பொருள் நெளிவது கிடைத்துவிடும். 1987-லேயே டெர்சோபூலஸும் கூட்டாளிகளும் நெளியும் பொருளுக்கு இயற்பியல் எழுதிக் காட்டிவிட்டார்கள். அடுத்த வருஷமே அவரும் ஃப்ளைஷரும் கிழிவதையும் சேர்த்தார்கள்.

சிக்கல், கத்தி நான்முகிகளின் எல்லை பார்த்துப் போகாது என்பதில் இருக்கிறது. நட்டநடுவே புகும். அப்போது என்ன செய்வது? சுலபமான வழி, கத்தி தொட்ட நான்முகியை அப்படியே அழித்துவிடுவது. பழைய அறுவைப் பயிற்சி மென்பொருள்களில் இது உண்டு. வெட்டு படிக்கட்டாகத் தெரியும். போதாக்குறைக்குக் கத்தி போன வழியெல்லாம் சதை காணாமல் போகும். மருத்துவ மாணவனுக்கு இதைக் காட்டி ‘இதுதான் கீறல்’ என்று சொல்ல வாய் வராது.

இரண்டாவது வழி, நான்முகியையே உடைப்பது. தளம் ஒன்று முனைகளைத் தொடாமல் நான்முகியை முழுசாகக் கடந்தால், ஒன்று மூன்று விளிம்பை அறுக்கும், இல்லை நாலு விளிம்பை அறுக்கும். வேறு வழியே இல்லை. ஆகவே உடைக்கும் விதங்களை முன்கூட்டியே பட்டியல் போட்டுவிடலாம். பீல்சரும் கூட்டாளிகளும் 1999-ல் மென்திசுவுக்கு இப்படிச் செய்தார்கள். ஆனால் கத்தி ஒரு முனைக்கு மிக அருகில் போனால் ஊசி மாதிரியான துண்டு ஒன்று பிறக்கும். சிமுலேஷனில் நேரத்தை எவ்வளவு பெரிய படியாக எடுத்து வைக்கலாம் என்பதை இருப்பதிலேயே சின்னத் துண்டுதான் தீர்மானிக்கும். அதைக் கவனிக்காமல் பெரிய படி வைத்தால் அந்தத் துண்டின் முனை ஒரு ஃப்ரேமில் நடுங்கும், அடுத்த ஃப்ரேமில் திரைக்கு வெளியே பறந்துவிடும், அதோடு மொத்தத் தோலும் போய்விடும். எங்கள் ஆட்கள் இதை ‘வெடிச்சிருச்சு’ என்பார்கள். மாடியில் தினமும் யாராவது ஒருவர் வாயில் இந்த வார்த்தை இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வழி. 2004-ல் மொலினோ, பாவ், ஃபெட்கியூ மூவரும் சொன்னது. நான்முகியை உடைக்காதே, நகல் எடு என்றார்கள். வெட்டுப்பட்ட ஒரு நான்முகி, முழு வடிவம் கொண்ட இரண்டு நான்முகியாகும். ஒன்றில் இந்தப் பக்கத்துச் சதை, மற்றதில் அந்தப் பக்கத்துச் சதை. மிச்ச இடம் இரண்டிலும் காலி. கணக்குப் போடும் இயந்திரத்துக்கு ஊசித்துண்டு கண்ணில் படுவதே இல்லை. ஒரு கட்டுப்பாடு மட்டும் இருந்தது. ஒவ்வொரு துண்டிலும் பழைய முனை ஒன்றாவது இருக்க வேண்டும், ஆகவே ஒரு நான்முகியை நாலுக்கு மேல் பிரிக்க முடியாது. 2007-ல் சிஃபாகிஸும் கூட்டாளிகளும் அந்தக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள். பொறியியல் பக்கம் பெலிச்கோ வகையறா 1999-லேயே பொருள்களில் விரிசல் ஓடுவதற்கு இதற்கு உறவான ஒரு யோசனையைக் கொண்டுவந்திருந்தார்கள். 2018-ல் மெஷ்ஷே (நான்முகிகளைக் கோத்த வலை) வேண்டாம், துகள்களே போதும் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. எல்லாம் நல்ல வேலை. நான் படித்து, எழுதி, ஓட்டிப் பார்த்து மகிழ்ந்தவை.

இவ்வளவையும் சேர்த்துப் பாருங்கள். எல்லாமே கத்தி போன பிறகு மெஷ்ஷை எப்படித் தைத்து ஒழுங்குபடுத்துவது என்ற கேள்விக்கான பதில்கள். சினிமாவுக்கு அது போதும். ஒரு ஃப்ரேமுக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் யாரும் கேட்கப் போவதில்லை. எங்களுக்கோ கையில் எதிர்ப்பு தெரிய வேண்டுமென்றால் நொடிக்கு ஆயிரம் தடவை விசையைக் கணக்கிட்டுத் தர வேண்டும். அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்பதுதான் எங்கள் பிழைப்பு.

லெஃப்ட் ஹேண்ட் எங்கே?

மென்பொருள் ஓரளவு நின்றதும் ஒரு டாக்டரை அழைத்து வந்தோம். ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர், வேலூரில் பெரும்பாலும் கை அறுவையே செய்தவர். பாகாயத்திலிருந்து ஆட்டோவில் வந்து, மாடிப்படி ஏறி, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு உட்கார்ந்தார். திரையில் முன்கைத் தோல் ஒரு துண்டு. நான்முகி நகல் எடுக்கும் முறைதான் ஓடிக்கொண்டிருந்தது, வெடிக்காமல். நான் பெருமையாகப் பக்கத்தில் நின்றேன்.

டாக்டர் வலது கையில் கருவியை எடுத்தார். திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கீறாமல் நிறுத்தினார். அவர் இடது கை மேசைமேல் வந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் விரிந்து, மேசை விரிப்பைத் தொட்டு, எதையோ தேடுகிற மாதிரி கொஞ்சம் நகர்ந்தன. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. கை தானாகப் போயிருக்கிறது. கீழே ரெக்சின் விரிப்பைத்தான் இரண்டு விரலாலும் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் நிமிர்ந்து கேட்டார்.

“தம்பி, லெஃப்ட் ஹேண்ட் எங்க வைக்கிறது?”

“இதுக்கு ஒரு கைதான் டாக்டர். வலது கையாலேயே கீறலாம்.”

“பிடிக்காம எப்படிப்பா கீறுவேன்?”

இருந்தாலும் மரியாதைக்குக் கீறிப் பார்த்தார். கோடு விழுந்தது, வெட்டின் உதடுகள் விரிந்தன. விரிவதற்கு நாங்கள் ஒரு ஏற்பாடு செய்திருந்தோம். வெட்டின இரண்டு ஓரத்தையும் வெளியே தள்ளுகிற செயற்கை விசை. இந்த மாதிரி மென்பொருளில் சாதாரணமாகப் புழங்குகிற தந்திரம்தான். டாக்டர் நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று கீறினார். இரண்டும் ஒரே அளவுக்கு வாயைத் திறந்தன. “ரெண்டும் ஒரே மாதிரி தொறக்குதே” என்றார். குறை சொல்கிற குரலே இல்லை, வெறும் ஆச்சரியம். பிறகு தன் முன்கையை நீட்டி, தோலைக் கிள்ளிக் காட்டினார். ஒரு திசையில் கிள்ளினால் சுருக்கம் சுலபமாக எழுந்தது. திருப்பிக் கிள்ளினால் எழ மறுத்தது.

வியன்னாவில் கார்ல் லாங்கர் 1861-ல் இதையே சடலங்களில் செய்து பார்த்தார். உருண்டையான ஊசியால் தோலில் குத்தினார். துளை வட்டமாக வரவில்லை, நீள்வட்டமாக வந்தது. உடம்பு முழுக்க அந்த நீள்வட்டங்களின் திசையைச் சேர்த்துக் கோடு போட்டார். அதற்கு முன்பே பாரிஸில் தூபுய்த்ரான், தன்னைத் தானே துளைபோடும் தமரூசியால் குத்திக்கொண்ட ஒருவரின் காயங்கள் உருண்டையாக இல்லாததைக் கவனித்திருக்கிறார். தோல் எப்போதும் இழுவையில்தான் இருக்கிறது, ஒரு திசையில் அதிகமாக. கத்தி அந்த இழுவையை அவிழ்த்துவிடுகிறது. உதடு விரிவது அதனால்தான். இதைப் படித்திருந்தேன். படித்ததும், எழுபது தாண்டிய ஒருவர் தன் கையைக் கிள்ளிக் காட்டியதும் வேறு வேறாகத்தான் மண்டையில் ஏறின.

அன்று அவர் பேசிக்கொண்டே போனார். 1948-ல் பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தத் தசைநாணை இடம் மாற்றித் தைக்கும் அறுவையைத் தொடங்கினாரே, அந்த வழியில் கற்றவர்களிடம் கற்றவர் இவர். “நாணை எங்க தைக்கறதுன்னு புக்ல படம் இருக்கும். எவ்வளவு இழுத்துத் தைக்கறதுன்னு படம் போட முடியாது. அதுலதான் கை நிமிரறதும் நிமிராததும்” என்றார். கீறலைப் பற்றிப் பேச வந்தவர் முக்கால்வாசி நேரம் இழுவையைப் பற்றியே பேசிவிட்டுப் போனார்.

மாமாவின் பலகை

என் அம்மாவுக்குத் தம்பி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் கட்டிங் மாஸ்டர். (ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எல்லாமே இன்னும் வடார்க்காடுதான்.) உற்பத்திக்கு இரும்பு டையை வைத்து கிளிக்கிங் மெஷினில் அடித்துவிடுவார்கள். சாம்பிள் என்றால் இரண்டு மூன்று ஜோடிதான், டை போட மாட்டார்கள். பேட்டர்னை வைத்துக் கத்தியால் கையில் வெட்டுவார்கள். டாக்டர் வந்துபோன வாரம் மாமா ஊருக்கு வந்திருந்தார். பேச்சுவாக்கில் விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். “இன்னா மாப்ள, இவ்ளோ படிச்சிட்டு பிடிக்கறதுக்கு கை வக்கலியா?”

மறுநாள் அவரோடு போய் நின்று பார்த்தேன். பேரணாம்பட்டிலிருந்து வந்த ஆட்டுத்தோல், கறுப்பு. மாமா அதைப் பலகையில் போட்டதும் கத்தியைத் தொடவில்லை. இரண்டு கையாலும் ஓர் இடத்தைப் பிடித்து, தலை வால் வாக்கில் ஒரு இழு, குறுக்கே ஒரு இழு. கொஞ்சம் தள்ளி மறுபடியும். முதுகோரம் தோல் அசையவே இல்லை. வயிற்றுப் பக்கம் வந்ததும் தாராளமாக நீண்டது. பெருவிரல் நகத்தால் அங்கே லேசாக ஒரு கோடு போட்டார், ‘இதுக்கு அப்பால வேம்ப் வைக்காத’ என்று தனக்கே சொல்லிக்கொள்வதாக இருக்கும். வேம்ப் என்பது ஷூவின் முன்முகம், எல்லார் கண்ணும் படுகிற இடம். அதற்குத் தோலின் இறுக்கமான திசை விரல் நுனியிலிருந்து குதிகால் நோக்கி ஓட வேண்டும். மாறிப் போனால் போடப் போட ஷூ நீண்டுவிடும். குறுக்கே மட்டும் கொஞ்சம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் லாஸ்ட் என்கிற கால் அச்சில் ஏற்றி இழுக்கும்போது தோல் இடம் தராது. வயிற்றுத் தோலெல்லாம் டங் (ஷூவின் நாக்கு) மாதிரி மறைவான பீஸ்களுக்கு.

“தோலு எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பாக்காம கத்தி வச்சா பீஸ் போச்சு” என்றார். பேட்டர்னை வைத்தார். இடது கை ஐந்து விரலையும் விரித்து அதன்மேல் அழுத்தினார். கத்தி ஒரே ஓட்டத்தில் சுற்றி வந்தது. கத்திக்கு முன்னால் இடது கை விரல்கள் ஒவ்வொன்றாக இடம் மாறிக்கொண்டே இருந்தன. கத்தி எங்கே போகப் போகிறதோ அங்கே ஒரு விரல் ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருந்தது. நான் அவர் வலது கையைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

இங்கே ஒன்று இடித்தது. டாக்டர் தோலை இழுத்துப் பிடித்துக் கீறுகிறார். மாமா இழுத்துப் பார்க்கிறாரே தவிர, வெட்டும்போது துளிகூட இழுப்பதில்லை. ஏன் என்று கேட்டேன். இழுத்து வைத்து வெட்டினால், விட்டதும் தோல் சுருங்கி பீஸ் பேட்டர்னைவிடச் சின்னதாகிவிடும், தையலில் அளவு கூடாது என்றார். ஆக ஒரே இடது கை. ஓரிடத்தில் இழுவையைக் கொடுக்கிறது, இன்னோரிடத்தில் இழுவையே வரவிடாமல் அமர்த்துகிறது. இரண்டு பேருக்கும் கத்தி வைக்குமுன் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பொருளுக்குள் இப்போது எவ்வளவு இழுவை இருக்கிறது, எந்தப் பக்கமாக.

எங்கள் முன்கைத் தோலுக்குள் இழுவை சுத்தமாகப் பூஜ்யம். மாடல் செய்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறோம். திரையில் தெரியும் வடிவமே ஓய்வு வடிவம் என்று எடுத்துக்கொள்வது வசதி. எந்த நான்முகியும் எதையும் விரும்பாமல் சும்மா இருக்கும். அதை வெட்டினால் வாய் திறக்க அதற்குக் காரணமே இல்லை. அந்தக் காரணத்தைத்தான் செயற்கை விசையாக வெளியிலிருந்து ஒட்டவைத்திருந்தோம்.

திருத்துவது நினைத்ததைவிட எளிது. ஒவ்வொரு நான்முகியின் ஓய்வு வடிவத்தையும் திரையில் தெரிவதைவிடச் சற்றுச் சிறியதாக எழுதிவைக்க வேண்டும், லாங்கர் கோட்டுத் திசையில் அதிகமாக, குறுக்கே குறைவாக. தோல் துண்டின் ஓரங்களைக் கட்டிப்போட்டுவிட வேண்டும். எல்லா நான்முகியும் சுருங்கப் பார்க்கும், அக்கம்பக்கம் விடாது. வெளியே பார்த்தால் தோல் சும்மா கிடப்பதாகத்தான் தெரியும். செயற்கை விசையை எடுத்துவிட்டுக் கீறினேன். குறுக்கே கீறியது இமை திறக்கிற மாதிரி அகலமாகத் திறந்தது. கோட்டோடு கீறியது மெல்லிய பிளவாக நின்றது. ஒரு வரிகூட ‘திற’ என்று எழுதவில்லை. அன்று சாயங்காலம் முழுக்க வேறு வேலை செய்யாமல் தோலில் கோடு கோடாகக் கீறிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன் என்பதை எங்கள் மேனேஜர் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

கத்தியே பிடிக்காத கை

இதற்குப் பிறகுதான் அம்மாவின் அருவாமணை கண்ணில் பட்டது. இத்தனை வருஷம் பார்த்ததுதான். அருவாமணையில் கத்தி நகர்வதே இல்லை. காலால் பலகையை அழுத்திக்கொண்டால் அலகு சும்மா நிற்கிறது; இரண்டு கையும் காயில் இருக்கிறது. ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு அம்மா இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயைப் பிளப்பதைப் பாருங்கள். காயை அலகில் வைத்து வெறுமனே அழுத்துவதில்லை. தொட்டு அலகின் நீளவாக்கில் இழுக்கிறார். அழுத்திக்கொண்டே இழுத்தால் தேவைப்படும் விசை மளமளவென்று குறையும் என்பதை ஆங்கிலேயப் பொறியாளர் ஆட்கின்ஸ் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். நாலாகப் பிளந்தும் காம்பு வரைக்கும் போகாமல் நிறுத்துவதுதான் கைவேலை. காய் நாலு இதழாக விரியும், பிரியாது. கத்தியின் பயணம் பொருளுக்கு நடுவில், ஏதோ ஒரு நான்முகியின் வயிற்றில் முடிகிற இந்த அரைகுறை வெட்டுதான் எங்கள் நிரல்களுக்கு இருப்பதிலேயே கொடுமை. முழு வெட்டுக்குப் பட்டியல் உண்டு. நடுவில் நின்றுபோன வெட்டுக்கு அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். அம்மாவுக்குக் காம்பு நெருங்குவது காயைப் பிடித்த விரலில் தெரிந்துவிடுகிறது.

பிடித்த கைக்கு எப்படித் தெரிகிறது என்பதற்கு இயற்பியலில் பதில் உண்டு. கிரிஃபித் 1921-ல் கண்ணாடியை வைத்து எழுதியதை ரிவ்லினும் தாமஸும் 1953-ல் ரப்பருக்குக் கொண்டுவந்தார்கள். புதிதாக ஒரு பரப்பைத் திறக்க ஆற்றல் செலவாகும். அந்தச் செலவை யார் கொடுப்பது? இழுவையில்லாத பொருள் என்றால் முழுச் செலவும் கத்தி தலையில். அதனால் கத்திக்கு முன்னால் தோல் குவிந்து, தாங்கித் தாங்கி, பொத்தென்று அறுபடும். மஹ்வாஷும் ஹேவர்டும் 2001-ல் ஹாப்டிக் கருவிக்காக எழுதிய மாடலில் நெளிதல், அறுபடுதல், வெட்டு ஓடுதல் என்று இதைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். இழுத்துப் பிடித்த தோலிலோ ஏற்கெனவே ஆற்றல் சேர்ந்திருக்கிறது. அறுபடும்போது அது அவிழ்ந்து செலவில் ஒரு பங்கைக் கொடுத்துவிடுகிறது. கத்தி லேசாக ஓடும். அளவுக்கு மீறி இழுத்துவிட்டாலோ கத்தி வருமுன்பே கிழிந்து ஓடும். இடது கை கொடுப்பது இந்தக் கடன்தான். திரும்பி வருவதும் அந்தக் கையின் விரலுக்குத்தான். மேல்தோலும் அடித்தோலும் முழுசாக அறுபட்ட கணத்தில் விரல்களுக்குக் கீழே சட்டென்று ஒரு தளர்வு வரும் என்று டாக்டர் சொன்னார். ஆழத்தை அவர் கண்ணால் பார்க்குமுன் இடது கையால் தெரிந்துகொள்கிறார். எங்கள் ஒற்றைக் கைக் கருவியில் பழகுகிற மாணவனுக்கு இந்தத் தளர்வு ஒருபோதும் கிடைக்காது. அவன் வலது கையின் அழுத்தத்தை வைத்தே ஆழம் கணிக்கப் பழகுவான், அந்தப் பழக்கத்தோடு ஆபரேஷன் தியேட்டருக்குள் போவான். இது எனக்கு நிஜமாகவே கவலை தருகிறது.

இன்னொரு ஹாப்டிக் கை வாங்கிவிடலாமே என்றால், விலை ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம். இரண்டு விரல் பிடித்திருக்கும் தோல், நடுவே கத்தி. ஒவ்வொரு முறை மெஷ் மாறும்போதும் அணியைப் புதிதாகத் தீர்க்க வேண்டும். முன்பு போட்டு வைத்த பாதிக் கணக்கு செல்லாது. வெட்டு இரண்டு விரலுக்கும் நடுவில் ஓடிய அந்த நொடியில் இழுவை போகும் பாதையே மாறுகிறது. அந்த நொடியில்தான் விரலுக்குச் சரியான விசை போக வேண்டும், அந்த நொடியில்தான் கணக்கும் அதிகம். இப்போதைக்கு இடது கைக்கு ஒரு டச்பேட் வைத்திருக்கிறோம். போட்டோவைப் பெரிதாக்க இரண்டு விரலை விரிப்போமே, அதே சைகையில் திரைத்தோல் விரிந்து இறுகுகிறது. விரலுக்குத் திரும்ப ஒன்றும் வராது. ஆனாலும் வலது கையில் கத்தி ஓடுவது உடனே மாறிவிடுகிறது. விரித்தால் லேசாகிறது, விட்டால் குவிந்து தடுக்கிறது.

இதற்கு நேரம் வேண்டுமென்று மெஷ்ஷைப் பெரிய நான்முகிகளாக மாற்றினேன். வெட்டின முகம் முன்போல வழவழப்பாக இல்லை, கிட்டத்தில் பார்த்தால் முகம் முகமாகத் தெரிகிறது. குழுவில் ஒரு பெண், எங்களிலேயே நன்றாக நிரல் எழுதுகிறவள், இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. “அண்ணா, டெமோவுக்கு வர்றவங்க வெட்டின இடத்ததான் ஜூம் பண்ணிப் பாப்பாங்க. இழுவையா பாப்பாங்க?” என்கிறாள். அவள் சொல்வது வியாபாரத்துக்குச் சரி. பயிற்சிக்கு, சொரசொரப்பான வெட்டும் இரண்டு கையும் இருப்பது, வழவழப்பான வெட்டும் ஒரு கையும் இருப்பதைவிட மேல் என்பது என் கட்சி. இன்னும் சண்டை ஓடுகிறது.

டாக்டர் மறுபடி வந்தார். டச்பேடில் இரண்டு விரலை வைத்து விரித்தார், குறுக்கே கீறினார், தலையை ஆட்டினார். கொழுப்பு தெரிந்ததும் கருவியைக் கையிலேயே பிடித்தபடி எதிர்ப்பக்கம் பார்த்துவிட்டு, “இப்ப ரெட்ராக்டர் பிடிக்க அசிஸ்டென்ட் வேணுமே, அவங்க கை எங்க?” என்றார். அது மூன்றாவது கை, நாலாவது கை. வெட்டின ஓரத்தை ரெட்ராக்டர் என்கிற கொக்கியால் இழுத்துப் பிடித்தால் மெஷ்ஷின் புதுப் பரப்பிலேயே விசை விழும், நகல் நான்முகிகளின் காலி இடத்தில் கொக்கி மாட்டக் கூடாது. அதற்கான மோதல் சோதனையை இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்குக் கொக்கி பத்துக்கு மூன்று தடவை தோலுக்குள் புதைந்து போகிறது.